மிச்ச இருக்கையில் ஊருக்கு

விமானத்தின் கதவை மூடிய பிறகு உள்ளே காலியாகக் கிடக்கும் இருக்கைக்கு விலை கிடையாது. நேற்று விற்றிருக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு முன்புகூட விற்றிருக்கலாம், இனி முடியாது. ஸ்டாண்ட்பை பயணம் என்ற ஏற்பாடு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. முன்பதிவு செய்தவர்கள் எல்லாரும் ஏறி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் இடம், இல்லாவிட்டால் அடுத்த விமானம். இன்று இப்படிப் பறப்பவர்களில் பெரும்பாலோர் விமான நிறுவன ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர். சென்னையிலோ திருச்சியிலோ கொழும்பிலோ பிறந்து துபாயிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் சிகாகோவிலும் இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்களுக்கு ‘ஸ்டாஃப் டிக்கெட்’ என்ற பெயரில் இது பழக்கமானதுதான். உல்லாசப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ரோமுக்கு இடமில்லையென்றால் லிஸ்பனுக்குப் போகலாம். இன்று இல்லையென்றால் நாளை மறுநாள் போகலாம். ஊருக்குப் போவது அப்படியல்ல. போகவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. போகவேண்டிய நாளையும் பெரும்பாலும் வேறு யாரோ குறித்திருப்பார்கள். மிச்சத்தை நம்பிப் போகும் ஒரு முறை, நாள் குறித்த பயணத்துக்கு எந்த அளவு தாங்கும் என்பதே இங்கே எடைபோட வேண்டியது.

இந்த ஏற்பாடு எந்தக் காலத்தில் உருவானது என்று பார்த்தால் அதன் இன்றைய சிக்கல் பாதி விளங்கிவிடும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் சராசரியாக இருக்கைகளில் பாதிதான் நிரம்பின. கட்டணத்தை அரசு வாரியம் நிர்ணயித்த காலம் அது. விலையைக் குறைத்து ஆள் சேர்க்க நிறுவனங்களுக்கு வழியில்லை. அதனால் 1960களின் நடுவிலேயே இளைஞர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் ஸ்டாண்ட்பை டிக்கெட் விற்றார்கள். விடுமுறைக்கு வீடு திரும்பும் கல்லூரி மாணவர்கள் அதில் திரண்டார்கள். வயதை வைத்துச் சலுகை தருவது பாகுபாடு என்று அதே வாரியம் பின்னர் முடிவு செய்ததால் அது ஒழிந்தது. 1977 செப்டம்பர் 26 அன்று ஃப்ரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபரின் ஸ்கைட்ரெயின் விமான சேவை, லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டில் பறக்கத் தொடங்கியது. முன்பதிவே கிடையாது, வரிசையில் நின்றவருக்கு அன்றைய டிக்கெட். பெரிய நிறுவனங்களும் போட்டிக்கு ஸ்டாண்ட்பை கட்டணங்களை அறிவித்தன. லேக்கரின் நிறுவனம் 1982 பிப்ரவரியில் கடனில் மூழ்கியது. ஆனால் பொதுமக்களுக்கான ஸ்டாண்ட்பையை அந்த வீழ்ச்சி ஒழிக்கவில்லை. 1978இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியதும், காலியாகப் போகும் என்று கணிக்கப்படும் இருக்கையைக் கடைசி நிமிடத்தில் விற்பதைவிட, பல வாரங்களுக்கு முன்பே, ரத்து செய்ய முடியாத நிபந்தனையுடன் மலிவாக விற்பது லாபம் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. கணினிக் கணிப்புகள் அதைத் துல்லியமாக்கின. காலி இருக்கை ஒழியத் தொடங்கியது அங்கிருந்துதான். 2024ஆம் ஆண்டு முழுமைக்கும் உலக விமானங்களில் சராசரியாக 83.5 சதவீதம் இருக்கைகள் நிரம்பின என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்கு. பாதி காலியாகப் பறந்த விமானங்களை வைத்து வகுத்த ஓர் உரிமை, ஆறில் ஒரு இருக்கைகூட மிஞ்சாத விமானங்களில் இன்றும் அதே பெயரில் நீடிக்கிறது. அந்தச் சராசரியும் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையையும் டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமையையும் கூட்டி வகுத்தது என்பதை மறக்கக் கூடாது.

குறைகளுக்குப் போகுமுன் இதன் பலனை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு நிறுவனத்தின் ஊழியர் மற்றொன்றின் விமானத்தில் தூர மண்டலக் கணக்கில் மிகக் குறைந்த கட்டணத்தில் பறக்கலாம். சொந்த நிறுவனத்தில் பல நேரங்களில் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் மட்டும்தான். பணம் மிச்சமாவது இதன் முதல் பலன் என்றாலும், ஊர்ப்பயணத்தின் இயல்பையே இது மாற்றிவிடுவதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, சேமிப்பைக் கரைத்து ஊருக்கு வருகிறவருக்கு அந்த மூன்று வாரம் முழுக்கக் கடமைகளின் பட்டியல்: பார்க்க வேண்டிய உறவினர்கள், போக வேண்டிய கோயில்கள், தீர்க்க வேண்டிய பத்திர வேலைகள், எதிர்பார்ப்போடு காத்திருக்கும் கைகளுக்குப் பொருள்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வர முடிகிறவருக்கு அந்தச் சுமை இல்லை. அம்மாவோடு நான்கு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம். தந்தையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வரலாம். இன்னொன்று, தேதியைப் பூட்டிவைக்காத டிக்கெட் என்பதால், ஊரில் நிலைமை கேட்டு மேலும் இரண்டு நாள் தங்க அபராதம் கட்ட வேண்டியதில்லை; நள்ளிரவில் தொலைபேசி வந்தால் விடிவதற்குள் விமான நிலையத்தில் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன்பு மலிவாக டிக்கெட் வாங்கியவரிடம் இந்தச் சுதந்திரம் இல்லை. பெற்றோரையும் இந்த உரிமையில் சேர்த்திருப்பது இதன் மிக மனிதத்தன்மையுள்ள பகுதி. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு, பொதுவாக ஊழியரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் தரும் விலக்கை, விமானப் பயணத்துக்கு என்று தனியாகப் பெற்றோருக்கும் நீட்டுகிறது. சுற்றுச்சூழல் நோக்கிலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. எப்படியும் பறக்கப்போகும் விமானத்தில் ஒருவர் கூடுதலாக ஏறுவதால் எரியும் எரிபொருள் சொற்பம்.

இப்போது விலை. ஸ்டாண்ட்பையின் விலை டிக்கெட்டில் எழுதியிருக்கும் தொகையல்ல. இடம் கிடைக்காத நாளில் அடுத்த விமானம் வரையில் உள்ள நேரமே அதன் உண்மையான விலை. நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு ஒரு நாளில் எத்தனையோ விமானங்கள். ஒன்றில் இடமில்லையென்றால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த கேட்டுக்கு நடந்துவிடலாம். இந்த முறை வளர்ந்தது அத்தகைய தடங்களில்தான். நெடுந்தூரத் தடங்களில் பல நகரங்களுக்கு ஒரு நிறுவனம் நாளுக்கு ஒரே விமானம் விடுகிறது; சிலவற்றுக்கு வாரத்தில் சில நாள் மட்டும். அங்கே ஒரு முறை பெயர் கூப்பிடப்படாமல் போனால் இழப்பு 24 மணி நேரம். சென்னைக்கு அமெரிக்காவிலிருந்து இடைநில்லா விமானமே இல்லை என்பதால் ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ டெல்லியிலோ மாற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இடம் கிடைக்கப் பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு என்று நல்லெண்ணத்தோடு வைத்துக்கொண்டாலும், இரண்டு கட்டமும் தடையின்றி அமைய வாய்ப்பு பாதிக்குக் கீழே. மூன்றாவது கட்டமாக மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகிறவருக்கு மூன்றில் ஒன்று. இதுகூட ஒவ்வொரு கட்டமும் தனித்தனி என்று கொண்டால்தான். நடைமுறையில் அவை சேர்ந்தே நிரம்புகின்றன: பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் பொங்கலும் எல்லாத் தடங்களையும் ஒரே வாரத்தில் நிறைக்கின்றன.

வழியில் மாட்டிக்கொள்வது புறப்படாமல் நிற்பதைவிடக் கொடியது. புறப்பட்ட ஊரில் இடமில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிப் படுக்கலாம். இடை நகரத்தில் இடமில்லையென்றால் அங்கே தங்கும் செலவு, உணவு, மாற்றுத் துணி எல்லாம் பயணியின் பொறுப்பு. பணம் கட்டிய பயணிக்கு விமானம் தவறினால் நிறுவனம் பல நேரங்களில் செய்துதரும் ஏற்பாடுகள் இவருக்கு இல்லை. இதில் கடவுச்சீட்டும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கக் கடவுச்சீட்டோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்டவர் வெளியே போய் ஓட்டலில் தூங்கிவிட்டு வரலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு, ஷெங்கன் விசா இல்லாமல் மாட்டிக்கொண்டவர் விமான நிலையத்துக்குள்ளேயே நாற்காலியில் இரவைக் கழிக்க வேண்டியதுதான். அவர் முப்பது வயது ஊழியராக இருந்தால் ஒரு அசௌகரியம். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும், ஆங்கிலம் பேசத் தயங்கும் தாயாராக இருந்தால் அது வேறு. பெற்றோரை இந்த உரிமையில் சேர்த்த சட்டம் அவர்களைக் கருணையோடு நினைத்தது; அவர்கள் எங்கே காத்திருக்க நேரும் என்பதை அது நினைக்க வாய்ப்பில்லை.

காலி இருக்கை இருந்தும் ஏற முடியாத நிலை ஒன்றுண்டு. நெடுந்தூரத்துக்கே உரிய துன்பம் அது. பதினான்கு, பதினாறு மணி நேரம் பறக்கும் விமானம் எரிபொருளாலேயே கனக்கிறது. எதிர்க்காற்று பலமாக உள்ள நாளில், அல்லது சரக்கு அதிகம் ஏற்றிய நாளில், எடைக் கட்டுப்பாடு காரணமாகச் சில இருக்கைகளைக் காலியாகவே விடுவார்கள். லோடு, அதாவது விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பார்த்து, இருபது இடம் இருக்கிறது என்று நம்பி வந்தவருக்கு அந்த இருபதும் பூட்டிய இடங்கள் என்று கேட்டில்தான் தெரியவரும். அரசியலும் இதில் நுழைகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் அவற்றின் விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது. வட அமெரிக்கத் தடங்கள் சிலவற்றில் எரிபொருளுக்காக நடுவில் இறங்கிப் போனார்கள். சுற்றுவழி நீளும்போது சுமக்கும் எரிபொருளும் கூடுகிறது. எடை குறைக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்தப்படுபவர் ஸ்டாண்ட்பை பட்டியலில் உள்ளவர். ஒரு விமானம் ரத்தானாலோ நிலைமை இன்னும் மோசம். அதில் இருந்த முந்நூறு பேரும் அடுத்தடுத்த நாள்களின் காலி இடங்களுக்கு முன்னுரிமையோடு வந்துவிடுவார்கள். ஒரே ஒரு ரத்து, பட்டியலில் காத்திருப்பவரை மூன்று நான்கு நாள் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும்.

திரும்பும் பயணத்தின் விலையை ஸ்டாண்ட்பையைப் புகழ்வோர் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்து நாள் விடுப்பில் வந்தவர் பத்தாம் நாள் புறப்பட முடியாது. இடம் கிடைக்காமல் போகலாம் என்பதால் எட்டாம் நாளே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். எட்டாம் நாளே இடம் கிடைத்துவிட்டால் இரண்டு நாள் விடுப்பு வீண்; கிடைக்காவிட்டால் அந்த இரண்டு நாளும் ஊரிலும் இல்லை, வேலையிலும் இல்லை. ஏழாம் நாளிலிருந்தே லோடு பார்க்கத் தொடங்கிவிடுவதால், உடல் வீட்டில் இருக்கும்போதே மனம் கேட்டில் நிற்கிறது. இந்த நிச்சயமின்மையைத் தேர்ந்தெடுத்தவர் பயணி ஒருவர். சுமப்பவர்கள் குடும்பம் முழுவதும். எப்போது வருவான் என்று அம்மாவுக்குச் சொல்ல முடியாது. வண்டி எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று தம்பிக்குச் சொல்ல முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு வருவாளா என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் ‘இடம் கிடைத்தால்’ என்பதைத் தவிரப் பதிலில்லை. சாவு வீட்டில் இது எல்லை மீறுகிறது. எங்கள் வழக்கத்தில் உடலை ஒரு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை; குளிர்பெட்டி வந்த பிறகு பிள்ளைக்காக இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். பட்டியலில் பதினேழாவதாக இருக்கும் பிள்ளைக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று உறவினர்கள் முடிவு செய்ய நேர்வது, எந்தச் சலுகையின் பெயராலும் ஏற்கக்கூடியதல்ல.

பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க நிறுவனங்களான டெல்டாவிலும் யுனைடெட்டிலும் பணிமூப்பு வரிசை: அதிக ஆண்டு வேலை செய்தவர் முதலில். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஒரே முன்னுரிமை வகுப்புக்குள் யார் முதலில் செக்-இன் செய்கிறாரோ அவர் முதலில். இரண்டுமே நியாயம் என்று வாதிடலாம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்பது ஒரு கட்சி. விமானத்துக்கு 24 மணி நேரம் முன்பு விழித்திருந்து பதிவு செய்த புதியவரை, கடைசி நிமிடத்தில் வந்த மூத்தவர் தள்ளிவிடுவது முறையா என்பது மறுகட்சி. நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன், ஆனால் வேறு காரணத்துக்காக. பணிமூப்பு குறைந்தவர்தான் பொதுவாகச் சம்பளமும் குறைந்தவர். முழுக் கட்டணத்தில் மாற்று டிக்கெட் வாங்கக் கையில் பணம் இல்லாதவர். ஸ்டாண்ட்பை யாருக்கு அதிகம் தேவையோ அவரையே மூப்பு வரிசை கடைசியில் நிறுத்துகிறது. தன் நிறுவனம் பறக்காத ஊருக்குப் போகிறவர் நிலைமை இன்னும் கீழே. வேறு நிறுவனத்தின் விமானத்தில் அந்த நிறுவனத்து ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தார் எல்லாரும் ஏறிய பிறகே இவர் முறை வரும். சென்னைக்கு நேரடியாகப் பறக்காத அமெரிக்க நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். நடத்தை விதிகளும் உண்டு. 2017 மார்ச்சில் டென்வரில், ஊழியர் பாஸில் வந்த இரண்டு பதின்வயதுப் பெண்களை லெக்கிங்ஸ் அணிந்திருந்ததற்காக யுனைடெட் ஏற்ற மறுத்தது. பாஸில் வருபவர்கள் நிறுவனத்தின் பிரதிநிதிகள் என்பது அதன் விளக்கம்.

இதற்கெல்லாம் வரும் முதல் மறுப்பு எளிது: தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? சும்மா கிடைப்பதைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல் அல்லவா? ஸ்டாண்ட்பை உண்மையிலேயே தானமாக இருந்தால் இந்த மறுப்பு நிற்கும். அது தானமல்ல. ஆள் சேர்க்கும் விளம்பரத்தில் முதல் வரிசையில் வருவது பயணச் சலுகை. விமானத்தில் பைகள் ஏற்றும் ஊழியரும், செக்-இன் கவுண்டரில் நிற்பவரும், புதிதாகச் சேர்ந்த விமானப் பணிப்பெண்ணும் குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொள்வதற்கு அது ஒரு காரணம். சம்பளத்துக்குப் பதிலாக வைத்துப் பேசப்படும் ஒன்றைச் சம்பளத்தை எடைபோடும் அதே தராசில்தான் வைக்க வேண்டும். இருக்கைகள் நிரம்பும் அளவு பாதியிலிருந்து ஆறில் ஐந்தாக உயர்ந்தபோது இந்தச் சலுகையின் மதிப்பு குறைந்தது. அதற்கு ஈடாக எதுவும் கூடவில்லை. நிறுவனத்துக்கு நல்ல காலம் வரும்போதெல்லாம் ஊழியரின் இந்த வருமானம் மெலிகிறது என்பதே இதன் வினோதமான அமைப்பு.

இரண்டாவது மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வருகிறது. தெரிந்தவனுக்கு இது சிக்கலே இல்லை என்பார்கள். வாரத்தின் நடுவில் புறப்படு; லோடு பார்; நேர் வழியை விட்டு இரண்டு மூன்று மாற்று வழி வைத்துக்கொள்; கைப்பையோடு மட்டும் போ; எதற்கும் ஒரு முழுக் கட்டண டிக்கெட்டைப் பணம் திரும்பப் பெறும் வகையில் வாங்கி வைத்துக்கொள். இந்தத் திறமை உண்மையானது, மதிக்கத்தக்கது. எந்த விமானத்தில் எத்தனை பேர் வராமல் போவார்கள், எந்த இணைப்பு விமானம் தாமதமாகும் என்று கணிப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த அறிவுரைகளில் முதலாவதே பிரச்சினையை ஒத்திவைப்பதுதான். பிப்ரவரியின் நடுவில் ஒரு புதன்கிழமை போகச் சொல்வது, திருமணம் சித்திரையில் இருக்கும்போது உதவாது. திரும்பப் பெறும் டிக்கெட்டை வாங்கிவைக்கும் யோசனை அதற்கான தொகையை அட்டையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே. அதோடு, கடைசி வரை அந்த இடத்தைப் பிடித்துவைப்பது பணம் கொடுத்துப் போக நினைக்கும் இன்னொருவரின் இடத்தை அடைப்பதும்கூட. எல்லாரும் நிபுணர்களாகிவிட்டால் நிபுணத்துவத்துக்குப் பயன் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காலி இடங்களை ஊழியர்களுக்குக் காட்டும் செயலிகள் பெருகிய பிறகு, ஒருவர் கண்டுபிடித்த இடைவெளியை எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. உறுதியான இடம் கொடுத்தால் நிறுவனத்துக்கு வருமான இழப்பு. ஊழியருக்கு வரிச் சுமை. அமெரிக்க வரிச் சட்டம் இந்தச் சலுகைக்கு விலக்கு அளிப்பதே நிறுவனத்துக்குக் கூடுதல் செலவில்லை என்ற அடிப்படையில்தான். ஊழியருக்கு இடத்தை முன்பதிவு செய்து கொடுத்தால் அதை விற்றுக் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை நிறுவனம் இழக்கிறது என்பதால் அந்த விலக்கு பொருந்தாது என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆக ஸ்டாண்ட்பையின் நிச்சயமின்மை நிர்வாகத்தின் கஞ்சத்தனத்தால் மட்டும் வந்ததல்ல. அதன் மலிவுக்கு அதுவே காரணம். இதை நான் ஏற்கிறேன். எல்லாப் பயணத்தையும் உறுதிசெய்யக் கேட்பது இந்த ஏற்பாட்டையே அழித்துவிடும். ஆனால் ஆண்டுக்கு ஒரு பயணம், அதற்கு வரி வந்தாலும் கட்டிவிட்டு, உறுதியாக வேண்டும் என்று கேட்பது வேறு. வளைகுடா நிறுவனங்களில் வெளிநாட்டு ஊழியருக்கு ஆண்டுக்கொரு முறை சொந்த ஊர் போய்வர உறுதியான டிக்கெட் தரும் வழக்கம் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டிய பயணங்களுக்கு ஸ்டாண்ட்பை. அங்கே மற்ற வேலை நிலைமைகளில் குறை சொல்ல நிறைய உண்டு. இந்த ஒன்றில் மட்டும், ஊருக்குப் போவதும் ஊர் சுற்றுவதும் ஒன்றல்ல என்பதை அந்த ஏற்பாடு புரிந்துவைத்திருக்கிறது.

நிறுவனங்களுக்கு இந்த வேறுபாடு தெரியாததல்ல. தங்கள் தேவைக்கு வரும்போது அதை நன்றாகவே கடைப்பிடிக்கின்றன. அமெரிக்காவில் ஏராளமான விமானிகளும் பணிப்பெண்களும் ஒரு நகரத்தில் வீடும் வேறு நகரத்தில் பணித்தளமுமாக வாழ்ந்து, வேலைக்கே ஸ்டாண்ட்பையில்தான் வந்து போகிறார்கள். பல தொழிற்சங்க ஒப்பந்தங்களில் இவர்களுக்கென ஒரு விதி உண்டு. போதிய நேரம் விட்டு ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்களில் முயன்றும் இடம் கிடைக்காமல் பணிக்கு வர இயலாமல் போனால் தண்டனை இல்லை. அதாவது, ஸ்டாண்ட்பை நம்பத்தகாதது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு வரும் திசையில் அந்த நிச்சயமின்மையின் இழப்பில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்கிறது. வீட்டுக்குப் போகும் திசையில் முழு இழப்பும் ஊழியருடையது. இந்த வாழ்முறையின் ஆபத்து பொதுக்கவனத்துக்கு வந்தது ஒரு விபத்தால். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகரத்தருகே கொல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் பயணம் செய்து நியூவார்க்கிலுள்ள பணித்தளத்துக்கு வந்திருந்தார். விபத்துக்கு முதன்மைக் காரணம் விமானியின் தவறான கையாளுகை என்றே விசாரணை முடிவு செய்தது. களைப்பு எந்த அளவு பங்களித்தது என்று தீர்மானிக்க முடியவில்லை. ஆனாலும் விமானிகளின் இந்த நெடுந்தூரப் போக்குவரத்தைத் தனியாக ஆராய வேண்டிய நிலை நாட்டுக்கு வந்தது. 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் நடந்தது மறுபக்கம். மறுநாள் பணிக்கு நான்கு ஊழியர்களை லூயிவில் நகரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த பயணி ஒருவர் யுனைடெட் எக்ஸ்பிரஸ் 3411இலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டார். அது ஸ்டாண்ட்பை அல்ல. கட்டாயம் போயாக வேண்டியவர்கள் என்ற தனி வகுப்பு. செய்யப்பட்ட விதம் மன்னிக்க முடியாதது. ஆயினும் அத்தகைய வகுப்பு ஒன்று முன்பதிவு முறையிலேயே இருக்கிறது என்பது நமக்கு முக்கியம். பெற்றோரின் மரணத்துக்கோ உயிருக்கு ஆபத்தான நிலைக்கோ போகும் ஊழியரை, யாரையும் இறக்காமல், விற்காத இடங்களில் முதலாவதாக வைக்கவும், ஒரு இடத்தை அவருக்காக விற்பனையிலிருந்து நிறுத்திவைக்கவும் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

இன்னொன்றை நம் ரயில்வேயிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். காத்திருப்புப் பட்டியலில் வாழ்ந்து பழகியவர்கள் நாம். அதன் குறைகளும் நமக்கு மனப்பாடம். ஆனால் அங்கே காத்திருப்பவருக்குத் தன் எண் தெரியும், அது எப்படி நகர்கிறது என்று தெரியும். உறுதியாகாத இணையவழி டிக்கெட் தானாக ரத்தாகி, சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். முதல் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்பு வெளியிட்டுவந்தவர்கள், 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரமாக்கினார்கள். தொலைவிலிருந்து ஸ்டேஷனுக்கு வருகிறவர் வீட்டிலிருந்தே முடிவெடுக்கட்டும் என்பதுதான் காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்ஏசி: படுக்கை இல்லை, பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் உட்கார்ந்து போகலாம், ஆனால் வண்டியில் ஏறுவது நிச்சயம். வசதியைக் குறைத்துப் போய்ச்சேர்வதை உறுதிசெய்யும் இந்த நடுநிலை வகுப்பு விமான ஸ்டாண்ட்பையில் இல்லை. விமானத்தில் இருவர் ஒரு இருக்கையில் உட்கார முடியாதுதான். ஆனால் மூன்று நாளுக்குள் ஏதேனும் ஒரு விமானத்தில், ஏதேனும் ஒரு வழியில், நிச்சயம் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஆண்டுக்கு ஒரு முறைக்காவது உறுதி தர முடியும். நாளை நெகிழ விட்டுவிட்டு எல்லையை மட்டும் கட்டிவைக்கும் அந்த ஏற்பாட்டில் நிறுவனம் இழப்பது சொற்பம். மிகவும் நெரிசலான நாள்களில் விற்கக்கூடிய இருக்கையை அது தொட வேண்டியதில்லை. மூன்று நாளில் எது மலிவோ அதில் அனுப்பலாம். வழியில் மாட்டிக்கொள்ளும் பெற்றோருக்கு, இடை நகரத்தைத் தாண்டும் இரண்டாம் கட்டத்தில் முதல் கட்டத்தைவிட ஒரு படி மேலான முன்னுரிமை கொடுப்பதும் இதே வகையானதுதான். பாதி வழியில் நிற்பவரை இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாதவருக்கு முன்னால் வைப்பதால் நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. பட்டியலின் வரிசை மட்டும்தான் மாற வேண்டும். அந்த வரிசையை நிர்ணயிப்பதும் நிறுவனங்களும் சங்கங்களும் உட்கார்ந்து பேசும் மேசைதான். சம்பளத்தோடும் பணி நேரத்தோடும் சேர்த்து இதையும் அங்கே எடுக்க வேண்டியவர்கள் சங்கங்கள்.